சிவப்புக் கட்டடத்தோடு திரும்பிவிடாதீர்கள்: மலாக்காவில் தம்பதியருக்கு இரண்டு நாள்

கோலாலம்பூர்: திருமணமான முதல் ஆண்டிலோ, பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகோ, கணவன் மனைவி இருவர் மட்டும் எங்காவது நாலு நாள் போய்வர வேண்டும் என்ற ஆசை கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பல வீடுகளில் உண்டு. கைப்பேசியில் பிராக், லிஸ்பன், ஆம்ஸ்டர்டாம் என்று கல் பாவிய தெருக்களின் படங்கள் வந்து விழும்போது, அந்த ஆசைக்கு ஒரு முகமும் கிடைத்துவிடுகிறது. பழைய கோட்டை, மணிக்கூண்டு, ஆற்றோரத்து வீடுகள், குன்றின்மேல் ஒரு தேவாலயம்.

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் அங்கே போக விசா தடையாக இருப்பதில்லை. ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் 180 நாள்களுக்குள் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். தடை வேறு இடத்தில் இருக்கிறது. விமானத்தில் உட்கார்ந்திருப்பது மட்டுமே போக ஒரு பதின்மூன்று மணி நேரம், வர ஒரு பதின்மூன்று மணி நேரம். வேலைச் சட்டப்படி, ஓரிடத்தில் இரண்டு ஆண்டுக்கும் குறைவாக வேலை செய்பவருக்குக் குறைந்தபட்ச ஆண்டு விடுப்பு 8 நாள். ஐந்து ஆண்டு ஆகும்வரை 12 நாள். அதில் தீபாவளிக்கு இரண்டு நாள், கோயில் திருவிழாவுக்கு ஒரு நாள், சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஒரு நாள் என்று எடுத்த பிறகு மிச்சம் என்ன இருக்கும்? பணக் கணக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில், ஏறத்தாழ 150 கிலோமீட்டரில் இருக்கும் மலாக்கா இந்தக் கணக்குக்குள் அடங்கும். 1511இல் போர்த்துகீசியர், 1641இல் டச்சுக்காரர், 1824 உடன்படிக்கைக்குப் பிறகு பிரிட்டிஷார் என்று மூன்று ஐரோப்பிய நாட்டவர் அடுத்தடுத்து ஆண்ட நகரம் அது. 2008 ஜூலையில் பினாங்கின் ஜார்ஜ்டவுனோடு சேர்த்து அதை உலகப் பாரம்பரியத் தலமாக யுனெஸ்கோ அறிவித்தது.

எல்லாருக்கும் தெரிந்த ஊர்தான். பள்ளிப் பிள்ளையாக இருந்தபோதே பேருந்தில் கூட்டிப்போயிருப்பார்கள். ஆனால் போனவர்களில் பெரும்பாலோர் சிவப்புக் கட்டடத்தின் முன்னால் நின்று படம் எடுத்து, பூப்போட்ட திரிஷாவில் ஒரு சுற்றுச் சுற்றி, ஜோங்கர் தெருவில் செண்டோல் குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆற்றைத் தாண்டிப் பத்து நிமிடம் நடந்தால், தமிழர் இந்த நாட்டுக்கு ரப்பர் மரம் வெட்ட மட்டும் வந்தவர்கள் என்ற பேச்சுக்கு மறுப்பாக ஒரு தெருவே நிற்கிறது. இன்னும் சற்றுத் தள்ளி ஒரு கிராமமும் இருக்கிறது. பயணத்துக்கு இரண்டு நாள் ஒதுக்கச் சொல்வது இந்த இரண்டுக்காகத்தான்.

போவது எளிது. கிள்ளானிலிருந்து வருபவர்கள் கேடிஎம் கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து, வேறு வழித்தட ரயிலுக்கு மாறி பண்டார் தாசிக் செலாத்தானில் இறங்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் வாசிகளுக்கு கேஎல் சென்ட்ரல் வீட்டு வாசல் மாதிரி. பண்டார் தாசிக் செலாத்தான் நிலையத்தை ஒட்டியே டிபிஎஸ் பேருந்து முனையம் இருக்கிறது. அங்கிருந்து மலாக்கா சென்ட்ரலுக்கு நாள் முழுவதும் பேருந்துகள் ஓடுகின்றன. இருவருக்கும் போகவர பேருந்துக் கட்டணம் நூறு வெள்ளிக்குள் அடங்கிவிடும். மலாக்கா சென்ட்ரல் பழைய நகரத்திலிருந்து தள்ளி இருப்பதால், அங்கிருந்து நகரப் பேருந்தோ கிராப் வண்டியோ பிடிக்க வேண்டும். சொந்தக் காரில் போகிறவர்கள் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஆயர் குரோ வழியாக வெளியேறலாம். ஆனால் சனி, ஞாயிறுகளில் பழைய நகரத்துக்குள் கார் நிறுத்த இடம் தேடியே சண்டை வந்துவிடும். இருவர் மட்டும் போகிறார்கள் என்றால் பேருந்தே நிம்மதி.

முதல் நாள் காலையில் டச்சுச் சதுக்கம். சிவப்பாக நிற்கும் ஸ்டாட்ஹைஸ் 1650 வாக்கில் டச்சு ஆளுநருக்காகக் கட்டப்பட்டது. கிழக்கு நாடுகளில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய டச்சுக் கட்டடம் இதுவே என்பார்கள். பக்கத்திலுள்ள கிறிஸ்து தேவாலயத்தின் வேலை 1741இல் தொடங்கி 1753இல் முடிந்தது. உள்ளே போனால் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்க்க வேண்டும். நீளமான உத்தரங்கள் ஒவ்வொன்றும் ஒட்டுப்போடாமல் ஒரே மரத்தில் அறுத்தவை. எல்லாரும் படம் பிடிக்கும் அந்தச் சிவப்பு டச்சுக்காரரின் நிறமல்ல என்பது பலருக்குத் தெரியாது. அவர்கள் காலத்தில் இந்தக் கட்டடங்கள் வெள்ளையாக இருந்தன. சிவப்புப் பூசியது பின்னால் வந்த பிரிட்டிஷார். நடுவில் இருக்கும் மணிக்கூண்டும் டச்சுக்காரர் கட்டியதல்ல. 1886இல் தான் பெங் சுவீ என்ற சீனச் செல்வந்தரின் குடும்பம் கட்டியது. நகரம் ஐரோப்பிய நகரம் போலத் தெரிந்தாலும், கட்டிய கைகளும் கொடுத்த பணமும் பல இடத்திலிருந்து வந்தவை.

வெயில் ஏறுமுன் செயின்ட் பால் குன்றில் ஏறிவிட வேண்டும். படிகள் அதிகமில்லை, முழங்கால் வலி உள்ளவர்களும் நின்று நின்று ஏறிவிடலாம். உச்சியில் கூரையில்லாமல் நான்கு சுவர்களாக நிற்பது 1521இல் துவார்த்தே கொயெல்லோ என்ற போர்த்துகீசியர் கட்டிய சிற்றாலயம். சுவரோரம் ஆளுயரக் கருங்கல் பலகைகள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். அவை டச்சுக் கல்லறைக் கற்கள். கீழே புதிய தேவாலயம் வந்தபின், இந்த இடத்தை அவர்கள் இடுகாடாக வைத்துக்கொண்டார்கள்.

உள்ளே கம்பி வலை போட்ட ஒரு குழி இருக்கிறது. பலர் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று நகர்ந்துவிடுகிறார்கள். புனித பிரான்சிஸ் சேவியரின் உடல் 1553இல் சில மாதங்கள் கிடந்த இடம் அது. சேவியர் மலாக்காவுக்கு வருமுன் தமிழ்நாட்டில் இருந்தவர். 1542 முதல் தூத்துக்குடி, மணப்பாடு என முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரதவர் ஊர் ஊராக நடந்தார். செபங்களைத் தமிழில் எழுதச் செய்து, மனப்பாடம் பண்ணிச் சொல்லிக்கொடுத்தார். 1545இல் மயிலாப்பூரில் சில மாதம் தங்கி, அந்தக் கரையிலிருந்தே மலாக்காவுக்குக் கப்பல் ஏறினார். 1552 டிசம்பரில் சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்தபின் உடல் மலாக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, பிறகு கோவாவுக்குப் போனது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. அவருடைய வலக்கையை 1614இல் துண்டித்து ரோமுக்கு அனுப்பினார்கள். 1952இல் ஆலயத்துக்கு முன்னால் அவருக்குச் சிலை வைத்தபோது, மறுநாளே ஒரு மரம் விழுந்து சிலையின் வலக்கை உடைந்துபோனது. நம்புகிறவர்கள் அதை ஒரு விதமாகச் சொல்வார்கள், நம்பாதவர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள். கை இல்லாத சிலையைச் செப்பனிடாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

குன்றின் மறுபக்கம் இறங்கினால் ஆ ஃபமோசா கோட்டையின் வாசல். கோட்டை என்று தேடி வருபவர்களுக்கு ஏமாற்றம்தான். ஒரே ஒரு வாசல்தான் மிச்சம். 1511இல் நகரைப் பிடித்த அபொன்சோ டி அல்புகெர்க், பள்ளிவாசல்களையும் சுல்தான்களின் கல்லறைகளையும் பெயர்த்து எடுத்த கற்களையும் சேர்த்து இதைக் கட்டினார். வாசலுக்கு மேலே 1670 என்ற ஆண்டும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரையும் பொறிக்கப்பட்டுள்ளன. கோட்டையை இடித்தது பகைவர் அல்லர், காவலுக்கு வந்த பிரிட்டிஷார். ஊரைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் கோட்டை பிறர் கைக்குப் போய்விடும் என்று அஞ்சி 1807இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இந்த வாசல் தப்பியதற்கு ராஃபிள்ஸ் தலையிட்டதே காரணம் என்று சொல்லப்படுகிறது.

கோட்டைச் சுவர் முழுவதும் போய்விட்டது என்றுதான் நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். 2006இல் ஆற்றோரம் சுற்றும் கோபுரம் ஒன்றுக்கு அடித்தளம் தோண்டியபோது, மிட்டல்பர்க் என்ற கொத்தளத்தின் அடிப்பகுதி மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. கோபுரத்தை பண்டார் ஹிலிர் பக்கம் மாற்றிவிட்டார்கள். 110 மீட்டர் உயர தாமிங் சாரி கோபுரம் அதுதான். மாலையில் அதில் ஏறினால், குன்றும் ஆறும் கடலும் எப்படிச் சேர்ந்து இந்த நகரத்தை உருவாக்கின என்பது ஒரே பார்வையில் புரியும். ஆற்றோரத்தில் நிற்கும் பெரிய மரக்கப்பல் ‘ஃப்ளோர் டி லா மார்’ கப்பலின் மாதிரி. கொள்ளையடித்த செல்வத்தோடு புறப்பட்ட உண்மைக் கப்பல் 1511இலேயே சுமத்திரா கரையோரம் மூழ்கிவிட்டது. அல்புகெர்க் உயிர் பிழைத்தார். மாதிரிக் கப்பலுக்குள் இருப்பது கடல்சார் அருங்காட்சியகம். அரசு அருங்காட்சியகங்கள் பல திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதை விடுப்பு எழுதுமுன் நினைவில் வைப்பது நல்லது.

மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நான்குவரை அறையில் படுத்துத் தூங்குவதே புத்திசாலித்தனம். இருவர் மட்டும் போகும் பயணத்தில் பார்த்த இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. முதல் நாள் இரவு ஜோங்கர் தெரு. வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் இரவுச் சந்தை கூடும். கூட்டம் பிடிக்காதவர்கள் வார நாளில் போனால், அந்தத் தெருவின் பழைய வீடுகளையே பார்த்துக்கொண்டு நடக்கலாம்.

இரண்டாம் நாள் காலையை ஆற்றுக்கு மறுகரைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். போர்த்துகீசியர் கோட்டைக்குள் இருந்தார்கள். ஆசிய வணிகர்கள் வாழ்ந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம். 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த தொமே பிரஸ் என்ற போர்த்துகீசியர், இந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதிவைத்தார். சுல்தான் ஆட்சியில் நான்கு ஷாபண்டார்கள், அதாவது துறைமுகத் தலைவர்கள் இருந்தார்கள். குஜராத்தியருக்கு ஒருவர் தனியாக இருந்தார். சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள் வேறொருவரின் பொறுப்பில் இருந்தார்கள். அந்தக் கரைத் துணியைக் கொடுத்து மொலுக்காஸ் தீவுகளின் கிராம்பையும் சாதிக்காயையும் வாங்கியதுதான் மலாக்காவின் செல்வம். துணியைக் கொண்டுவந்தவர்களில் பலர் தமிழர்.

அவர்களில் ஒருவரின் கதையை மலாக்காவுக்குப் போகும் ஒவ்வொரு தமிழரும் தெரிந்துகொள்ள வேண்டும். போர்த்துகீசியர் ‘நினா சாத்து’ என்று எழுதிய பெயர், நயினா செட்டி என்பதாக இருக்கலாம். 1509இல் முதல் போர்த்துகீசியக் கப்பல்கள் வந்து, ஆள்கள் சிலர் சிறைபிடிக்கப்பட்டபோது, இந்த வணிகர் அவர்களுக்கு உதவினார். 1511இல் நகரைப் பிடித்த அல்புகெர்க் அந்த நன்றிக்கு அவரை இந்துக்களுக்கும் பிற வணிகருக்கும் பெண்டஹாராவாக நியமித்தார். பர்மாக் கரைக்குப் போன போர்த்துகீசியக் கப்பல் வாணிபத்தில் அவருக்கும் பங்கு இருந்தது. மூன்றே ஆண்டுகள். 1514இல் அரசியல் காரணத்துக்காக அந்தப் பதவியைப் பறித்து கம்பார் அரசருக்குக் கொடுத்தார்கள். அவமானம் தாங்காத நயினா செட்டி, சிதை அடுக்கி அதில் ஏறித் தம்மை எரித்துக்கொண்டார் என்று போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். அவரைக் காட்டிக்கொடுத்தவர் என்று சொல்வாரும் உண்டு. பிழைக்கத் தெரிந்த வணிகர் என்று சொல்வாரும் உண்டு. எப்படிச் சொன்னாலும், தோட்டங்கள் தொடங்குவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே ஒரு தமிழ் வணிகர் இந்த நகரத்தின் மேல்மட்ட அதிகாரத்தில் இருந்தார் என்பது மாறாது. அவருக்கு அங்கே ஒரு சிலை இல்லை என்பது வருத்தம்தான்.

ஜாலான் துக்காங் எமாஸ், அதாவது தட்டார் தெரு, இன்று நல்லிணக்கத் தெரு என்றும் அழைக்கப்படுகிறது. அங்கே ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் இருக்கிறது. மலேசியாவில் இன்றும் பூசை நடக்கும் இந்துக் கோயில்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று இது. செட்டிகளின் தலைவராக இருந்த தெய்வநாயகம் செட்டிக்கு டச்சு ஆட்சி கொடுத்த நிலத்தில் 1781இல் எழுந்தது. அதே 1781இல்தான் தமிழ்நாட்டின் நாகப்பட்டினம் டச்சுக்காரர் கையிலிருந்து பிரிட்டிஷாரிடம் போனது. அதுவரை ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டு, நாகப்பட்டினமும் மலாக்காவும் ஒரே கம்பெனியின் இரு துறைமுகங்கள். மாசி மகத்தின்போது இந்தக் கோயிலிலிருந்து செங் பகுதியின் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு ரதம் போகும். அந்த வாரத்தில் பயணம் அமைந்தால் அதிர்ஷ்டம்.

சில கடை தள்ளி கம்போங் கெலிங் பள்ளிவாசல். 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் மரத்தால் கட்டி, 1872இல் செங்கல்லால் மாற்றியது. குவிமாடம் இல்லை, அடுக்கடுக்கான கூரை. பாங்கு சொல்லும் கோபுரம் சீனப் பகோடா போல நிற்கும். பெயரில் உள்ள அந்தச் சொல்லைப் பார்த்து மனம் சுருங்கும். இன்று அது தமிழரைப் பழிக்கும் சொல். கலிங்கம் என்ற நாட்டுப் பெயரிலிருந்து வந்து, கடல்கடந்து வந்த வணிகரைக் குறித்த அந்தச் சொல், சரக்கு கொண்டுவந்தவனுக்கு ஒரு காலத்தில் சாதாரணப் பெயராக இருந்தது. வசவாக மாறியது பிற்காலத்தில். அடுத்த தெருவில் 17ஆம் நூற்றாண்டுச் சீனக் கோயிலான செங் ஹூன் தெங். கோயில் நடை மத்தியானம் சாத்தப்படும், பள்ளிவாசலில் தொழுகை நேரத்தில் சுற்றிப்பார்க்க முடியாது. ஆகவே காலை ஒன்பது மணிக்குள் அந்தத் தெருவில் இருப்பது உத்தமம். தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை மூன்று இடத்துக்கும் பொருந்தும்.

அங்கிருந்து காஜா பெராங் சாலையிலுள்ள கம்போங் செட்டிக்கு நடந்தால் அரை மணி நேரம், வண்டியில் ஐந்து பத்து நிமிடம். சுல்தான் காலத்திலும் பின்னரும் வந்த தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான சமூகம் மலாக்கா செட்டிகள். வட்டிக்கடை நடத்த பிரிட்டிஷ் காலத்தில் வந்த நகரத்தார் செட்டியார்கள் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இவர்கள் வீட்டில் பேசுவது ஒரு வகை மலாய். பெண்கள் உடுத்துவது சாரோங் கெபாயா. சமையலில் சந்தானும் பெலாச்சானும் உண்டு. ஆனால் பெயரில் பிள்ளை, செட்டி, நாயக்கர், படையாட்சி என்ற பட்டங்கள் நிற்கின்றன. நெற்றியில் திருநீறு நிற்கிறது. வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் தொங்கும்.

தமிழ் பேசத் தெரியாதவர்கள் தமிழரா என்று சிலர் கேட்பதுண்டு. போகிப் பண்டிகையன்று அந்தக் கிராமத்தில் இருந்தால் அந்தக் கேள்விக்கு வேலை இருக்காது. முன்னோருக்கு வாழையிலை போட்டு, அவர்களுக்குப் பிடித்த பதார்த்தங்களைப் படைத்து, குடும்பமே கும்பிடும். இதைப் ‘பார்ச்சு’ என்கிறார்கள். ஆண்டின் நடுவில் பழங்களை வைத்துப் படைக்கும் இன்னொரு பார்ச்சும் உண்டு. 1822இல் கட்டிய ஸ்ரீ முத்து மாரியம்மன் கோயிலில் ஏப்ரல், மே வாக்கில் நடக்கும் திருவிழாவின் பெயர் ‘டத்தோ சச்சார்’. சச்சார் என்றால் மலாயில் அம்மை நோய். அம்மை போட்டால் மாரியம்மனை வேண்டும் தமிழ் வழக்கம், மலாய்ப் பெயரோடு இருநூறு ஆண்டாக நடக்கிறது.

கிராமத்தில் செட்டிகளின் பழம்பொருள்களை வைத்திருக்கும் சிறிய அருங்காட்சியகமும் உண்டு. இளையவர்களில் பலர் வேலை தேடிக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். சுற்றிலும் அடுக்குமாடிகள் எழுவது பற்றிப் பத்தாண்டுகளுக்கு முன்பே கிராமத்தார் குரல் எழுப்பினார்கள். ஆள் வரத்து இல்லாத பாரம்பரியக் கிராமத்துக்காகப் பேச வெளியில் யாரும் இருக்கமாட்டார்கள். இது வேடிக்கை பார்க்கும் இடமல்ல, மக்கள் குடியிருக்கும் தெரு என்பதால், வீட்டுக்குள் எட்டிப் படம் எடுக்காமல், கேட்டுவிட்டுப் பேச்சுக் கொடுக்க வேண்டும். மலாயில் பேசினாலும் பெரியவர்களை அண்ணா, அக்கா என்று கூப்பிட்டுத் தொடங்கினால் முகம் மலரும்.

நேரம் மிச்சமிருந்தால் சாயங்காலம் ஊஜோங் பாசிரிலுள்ள போர்த்துகீசியக் குடியிருப்புக்குப் போகலாம். 1930களில் இரு பாதிரிமார் முயன்று வாங்கிய நிலத்தில் அமைந்தது. கடலோரக் கடையில் சுட்ட மீனும், காடி ஊற்றிச் சமைத்த ‘டெபல்’ கறியும் கிடைக்கும். ஜூன் கடைசியில் மீனவர்கள் படகுகளை அலங்கரித்து புனித பேதுரு திருவிழா கொண்டாடுவார்கள். அவர்கள் பேசும் கிரிஸ்தாங் மொழி கேட்பதற்கு அந்நியமாக இருக்கும். ஆனால் சன்னல், மேசை, அலமாரி, பாதிரி ஆகிய தமிழ்ச் சொற்களும் ஜெண்டெலா, மேஜா, அல்மாரி, பாதெரி ஆகிய மலாய்ச் சொற்களும் ஒரே போர்த்துகீசியக் கப்பலில் வந்து இறங்கியவை. அதற்கு முன்பே தமிழ்க் கப்பல்கள் கப்பலையும் கடையையும் கட்டிலையும் பெட்டியையும் மலாய்க்குக் கொடுத்திருந்தன. சாப்பாடு வரும்வரை இருவரும் இப்படிப் பொதுச் சொற்களை எண்ணிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும்.

திரும்பும் நாள் ஞாயிறாக இருந்தால், கோலாலம்பூர் போகும் மாலைப் பேருந்துகளில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். மலாக்கா சென்ட்ரலில் வந்து இறங்கும்போதே திரும்பும் டிக்கெட்டையும் வாங்கிவிடுவது நல்லது.